சண்டை போடத் தெரியாத பிள்ளைகள்

"முதல்ல நீ திட்டு."

"வேண்டாம், நீயே ஆரம்பி. நீதான் பெரியவ."

"பரவாயில்ல. நான் அப்புறமா நிதானமா திட்டிக்கிறேன்."

மேடைக்கு எதிரே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரேக் வாத்தியாரின் வலது கால், தரையில் இல்லாத ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தது. வண்டி நகர்கிற வழியாக இல்லை.

அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். கற்றுக்கொடுக்கிற காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதை மிதித்து மிதித்தே பாதி ஊருக்கு லைசன்ஸ் வாங்கிக் கொடுத்தவர் என்பதால் அந்தப் பெயர். சாலையில் பிரேக், வீட்டில் பேப்பர், மனதுக்குள் நாடகம் என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு நல்ல நேரம் பிறந்தது. ஊர்ப் பிள்ளைகளையும் முகாம் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு நாடகம் போட முடியுமா என்று நகராட்சியிலிருந்து கேட்டார்கள். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் இவர் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முகாம் என்பது ரயில்வே கிடங்குக்குப் பின்னால் இருந்த பழைய விடுதி. எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த குடும்பங்கள் அங்கே அறைக்கு ஒன்றாகக் குடியிருந்தன. வந்து வருஷங்கள் ஆகியும் ஊர்க்காரர்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் 'கொஞ்சம் வழி விடுங்க' என்பதைத் தாண்டிப் பேச்சு வளரவில்லை. பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தாலும் ஆளுக்கொரு மூலை.

வாத்தியார் எழுதிய நாடகத்தின் பெயர் 'நடுச்சுவர்'. இரண்டு வீடு, நடுவே ஒரு சுவர், அந்தச் சுவரால் வருகிற சண்டை, கடைசியில் சமாதானம். இடது வீடு ஊர்ப் பிள்ளைகளுக்கு, வலது வீடு முகாம் பிள்ளைகளுக்கு. சண்டை நிஜமாக இருந்தால்தான் சமாதானத்துக்கு மதிப்பு என்பது அவர் கட்சி. அந்தச் சண்டைதான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

இத்தனைக்கும் ஆட்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. இடது வீட்டுக்குத் தலைவன் சுருட்டை. அவனுடைய தலைமுடியும் கோபமும் ஒரே மாதிரி, எப்போது எந்தப் பக்கம் எழும்பும் என்று சொல்ல முடியாது. வலது வீட்டுத் தலைவி நெட்டை. முகாம் குழாயடியில் அவள் வாயைத் திறந்தால் வாளிகள் தாமாகவே வரிசையில் நின்றுகொள்ளும் என்று கேள்வி. இப்பேர்ப்பட்ட இரண்டு பேரையும் மேடையில் ஏற்றினால் சம்பந்தி வீட்டுக்கு முதல்முறை வந்தவர்களைப்போல் நின்றார்கள்.

"உங்க வீட்டுக் குப்பையை எங்க வாசல்ல ஏன் கொட்டினீங்க?" என்பது வசனம். சுருட்டை அதை, அடுத்த பஸ் எப்போது என்று விசாரிப்பவனைப்போல் கேட்டான். கேட்டுவிட்டு ஓரக்கண்ணால் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தான். பதிலுக்கு நெட்டை வாளியைத் தூக்கி எறிய வேண்டும். அவள் அதை இரண்டு கையாலும் சத்தமில்லாமல் கீழே வைத்தாள், கைப்பிடியையும் மெதுவாகச் சாய்த்துவிட்டாள். பிறகு அவளும் வாத்தியாரைப் பார்த்தாள்.

"வாளியை எறியணும்மா," என்றார் வாத்தியார்.

"எறிஞ்சுட்டேன் சார்."

கவலைப்படாமல் இருக்க முடியாத நிலைமை. ஒத்திகை நடந்த அந்தப் பழைய நகராட்சிக் கூடத்தின் மேல் ஒரு சோபா வியாபாரிக்குக் கண். கிடங்குக்குத் தோதான இடம் என்று மனுப் போட்டு வைத்திருந்தார். நகராட்சி அதிகாரியம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: நாடகம் தேறினால் கூடம் பிள்ளைகளுக்கு, தேறாவிட்டால் சோபாக்களுக்கு. கூடம் போனால் இந்தப் பிள்ளைகள் திரும்பவும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். வாத்தியாரை உறுத்தியது அதுதான். அதோடு, ஆயுளில் ஒரே ஒரு நாடகமாவது போட்டுவிட்டுச் சாக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

முதல் நாளை நினைத்தால் அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். அன்றைக்குப் பிள்ளைகள் இரண்டு கும்பலாகத்தான் வந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் முன் வரிசை நாற்காலிகளில் பையைப் பரப்பி இடம்பிடித்துக்கொள்ள, முகாம் பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். காற்றிலேயே ஒரு நெருப்பு இருந்தது. அந்த நேரம் பார்த்து, மேடைச் சாவியை வாங்க அவர் மாடி அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. சாவியைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் அங்கிருந்த குமாஸ்தா ஒரு டீயையே குடித்து முடித்துவிட்டார்.

என்ன ஆகியிருக்குமோ என்று கீழே இறங்கி வந்தால், எல்லாரும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு கலந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் உள்ளே வந்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து நின்றார்கள். ஒருத்தன் நாற்காலியை இழுத்துப் போட்டான். சிலருக்குக் கண்கூடக் கலங்கியிருந்தது. வாசலில் அவர் மனைவி, வீட்டில் அவர் மறந்து வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பிள்ளைங்ககிட்ட என்ன பேசிக்கிட்டிருந்த?" என்று கேட்டார்.

"உங்களைப் பத்தித்தான். ரெண்டு வார்த்தை."

வாத்தியாருக்குத் தலை கிறுகிறுத்தது. இளமையில் தான் நடித்த கதைகளைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். மின்வாரியத்தில் புகார் கவுண்டரில் உட்கார்ந்து, கரண்ட் போன கோபத்தில் வருகிறவர்களையெல்லாம் சாந்தமாகத் திருப்பி அனுப்புகிறவள் அவள். நடிப்பு கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். அவளே தன்னைப் புகழ்ந்தது அவருக்குப் பெரிய விருது கிடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் அந்த மரியாதைதான் இப்போது வினையாகிவிட்டது. யோசித்துப் பார்த்ததில் காரணம் பிடிபட்டது போலவும் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்தில், 'பாவம், வீடுவாசல் இழந்து வந்தவங்க, அன்பா இருங்க' என்று ஓதியிருப்பார்கள். முகாம் பிள்ளைகளிடம் வீட்டில், 'ஒண்ட வந்த இடம், வம்புக்குப் போகாதே' என்று ஓதியிருப்பார்கள். இரண்டு ஓதலுக்கும் நடுவில் நாடகம் மாட்டிக்கொண்டது. இதை மாற்றியே தீர்வது என்று வாத்தியார் முடிவெடுத்தார்.

முதல் வைத்தியமாக, சண்டை எப்படிப் போடுவது என்று தாமே நடித்துக் காட்டினார். தினம் காலையில் தண்டால் எடுத்துவிட்டு டீ குடிக்கிற உடம்பு. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததெல்லாம் அடுத்தவரைப் பார்க்கத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் தாவி ஏறினார், வாளியை வீசினார், சுவரை உதைத்தார், தொண்டை கிழியக் கத்தினார். அவருக்கே ரொம்பத் திருப்தியாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால் பிள்ளைகளின் முகத்தில் ஈயாடவில்லை. சுருட்டை பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். நெட்டை வசனத்தாளால் விசிறினாள். ஒரு பெண் தண்ணீருக்கு ஓடினாள்.

"போதும் சார். நல்லாப் புரிஞ்சுபோச்சு. இனிமே நீங்க இப்படியெல்லாம் பண்ணாதீங்க," என்றான் சுருட்டை. அவன் குரல் நடுங்கியது.

தன் நடிப்பு பிள்ளைகளை உலுக்கிவிட்டது என்று வாத்தியார் உள்ளுக்குள் பூரித்தார். அடுத்த ஒத்திகையில் குரல்கள் இன்னும் இறங்கின. முன்பு பஸ் நேரம் விசாரித்த சுருட்டை, இப்போது துக்க வீட்டில் பேசுகிறவனைப்போல் பேசினான்.

அடுத்தது போட்டி வைத்தியம். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஒத்திகையை வேண்டுமென்றே நீட்டி, எல்லாரும் வாடிய நேரத்தில் ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட்டை மேடை நடுவில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். இரண்டு வீடும் பாக்கெட்டைப் பார்த்தன. ஒன்றை ஒன்று பார்த்தன. பிறகு சுருட்டை அதை எடுத்து வந்து வாத்தியார் கையில் கொடுத்தான்.

"நீங்க சாப்பிடுங்க சார். நேரத்துக்குச் சாப்பிடணும் நீங்க."

வாத்தியார் வேறு வழியில்லாமல் பிரித்தார். நெட்டை குறுக்கே வந்து பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, இதில் உப்பு அதிகம் என்று வாங்கி வைத்துக்கொண்டு, தன் பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கொடுத்தாள். பெற்ற பிள்ளைகூட இப்படிக் கவனிக்காது. கண் கலங்கியது, பல்லையும் கடிக்க வேண்டியிருந்தது.

இனி ஒரே வழிதான் பாக்கி. நாரதர் வேலை. வாத்தியார் சுருட்டையைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ நடிக்கிறது விளக்குக் கம்பம் நிக்கிற மாதிரி இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுதுப்பா," என்றார். நெட்டையைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் குரல் ரிவர்ஸ் எடுக்கிற லாரி மாதிரி இருப்பதாகச் சுருட்டை சொல்கிறான் என்றார். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "சரியாத்தான் சார் சொல்லியிருக்காங்க."

மறுநாள் இரண்டு பேரும் ஜோடியாக வந்து எதிரே நின்றார்கள்.

"நாங்க பேசித் தீத்துக்கிட்டோம் சார். எங்களால உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிருங்க," என்றாள் நெட்டை.

நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்பார்கள். இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று எந்த நாரதரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. ஒரு நாள் ஒத்திகை முடிந்து கிளம்பியவர், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினார். கூடத்தின் படியை நெருங்கியபோது உள்ளே ஒரே கூச்சல். ஏதோ தடாலென்று விழுந்தது. யாரோ யாரையோ, ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தள்ளினால் குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வசனம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனின் சட்டைக்கை கிழிந்திருந்தது. அட்டைச் சுவரில் ஒரு ஓட்டை.

"என்ன சத்தம்?"

"பக்கத்து ஒர்க்ஷாப் சார்," என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வாத்தியார் நேரே ஒர்க்ஷாப்புக்குப் போய், பிள்ளைகள் நாடகம் பழகுகிற இடம், கொஞ்சம் நாகரிகமாகப் பேசக்கூடாதா என்று மெக்கானிக்கைப் பிடிபிடியென்று பிடித்தார். நான் இப்போதுதான் ஷட்டரையே தூக்குகிறேன் என்று அவர் எவ்வளவோ சொல்லியும் இவர் நம்பவில்லை. அன்றோடு, வாத்தியாரின் காரை இனித் தொடுவதில்லை என்று மெக்கானிக் தீர்மானித்தார். கிளட்ச் அப்போதே முனக ஆரம்பித்திருந்தது.

நாடகத்துக்கு முந்தின நாள் வாத்தியார் சாப்பாட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார். கூடம் போச்சு, மானம் போச்சு, சோபாக்காரன் சிரிப்பான் என்று புலம்பினார். மனைவி நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். புகார்களைக் கேட்பது அவளுக்குப் பழகிய வேலை.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு நீங்க உள்ள இருக்காதீங்க. வெளியில வாசல்ல உட்கார்ந்துக்கங்க."

"நான் எழுதி, நான் சொல்லிக்கொடுத்த நாடகம். நான் உள்ள இருக்கக்கூடாதா?"

"லைசன்ஸ் டெஸ்டுக்குப் போறப்ப வாத்தியார் பக்கத்துல உட்கார்ந்து பிரேக் போடுவாரா?"

நடிப்பைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று முணுமுணுத்துவிட்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்.

மறுநாள் மாலை கூடம் நிறைந்தது. ஊர்க்காரர்கள் ஒரு பக்கமாகவும் முகாம்காரர்கள் மறுபக்கமாகவும் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலே நடுவில் ஒரு வரிசை காலியாக இருந்தது. முன்னால் அதிகாரியம்மா. அவருக்குப் பின்னால், அளவெடுக்கும் டேப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சோபா வியாபாரி. வாத்தியார், மனைவி சொன்னபடி வெளிப்படியில் உட்கார்ந்தார். நாடகம் தோற்பதைவிட, நாளைக்கு அந்தப் பிள்ளைகள் தெருவில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போவார்களே என்பதுதான் அவர் நெஞ்சை அடைத்தது.

திரை விலகிய சத்தம் கேட்டது. அதன்பிறகு கேட்ட குரலை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

"யாரைப் பாத்து எங்க குப்பைங்கிற? உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்திருக்கியாடா, விளக்குக் கம்பம்!"

"போடி, ரிவர்ஸ் லாரி! உன் வாயை மூடினாத்தான் இந்தத் தெருவே தூங்கும்!"

வாளி பறந்து எதிலோ மோதிய ஓசை. மரம் முறிகிற ஓசை. சபையில் 'ஓ' என்று ஒரு சத்தம். இதில் ஒரு வார்த்தைகூட வாத்தியார் எழுதியதில்லை. தான் மூட்டிய கலகம் இன்றைக்குப் போய் வெடித்துவிட்டது, பிள்ளைகள் நிஜமாகவே அடித்துக்கொள்கிறார்கள், அவர்களைப் பார்த்துப் பெற்றோர்களும் இறங்கப்போகிறார்கள் என்று நினைத்தார். கூடமாவது சோபாவாவது, ஒரு பிள்ளைக்கும் அடிபடக்கூடாது என்று எழுந்து ஓடினார்.

பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே மேடைக்கே போய்விட்டார். ஓடிய வேகத்தில் மூச்சு இரைத்தது. பையிலிருந்த மூக்குக்கண்ணாடி விழுந்துவிடாமல் ஒரு கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். "டேய், வேண்டாம்பா... வேண்டாம்மா..." என்பதற்குமேல் பேச்சு வரவில்லை.

மேடை அப்படியே உறைந்தது. நெட்டை ஓங்கியிருந்த துடைப்பத்தைப் போட்டாள். சுருட்டை சுவரைச் சுற்றி வர நேரமில்லாமல் சுவர் வழியாகவே வந்தான், அட்டைச் சுவர் அவனோடு சேர்ந்து சரிந்தது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஓடிவந்து அவரைத் தாங்கினார்கள். ஒருத்தி நாற்காலி போட்டாள், ஒருவன் சட்டைப் பித்தானைக் கழற்றினான், ஒருவன் விசிறினான்.

"ஒண்ணுமில்ல சார். சும்மா விளையாட்டுக்குத்தான். இங்க பாருங்க, நாங்க எவ்வளவு ஒத்துமையா இருக்கோம்," என்று சுருட்டை நெட்டையின் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினான். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒரு தும்மல்கூட இல்லை.

திரையிழுக்கிற பையன் குழம்பிப்போய்த் திரையை இழுத்துவிட்டான். ஒரு கணம் கழித்துக் கைத்தட்டல் எழுந்தது. வாத்தியார் சமாதானத்துக்காக எழுதி வைத்திருந்த பக்கம் பக்கமான வசனம் அப்படியே பாக்கி நின்றது. அதைக் காணோமே என்று யாரும் தேடவில்லை. திரை மறுபடி விலகியபோது சபை முழுவதும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. நன்றாகப் பார்ப்பதற்காக ஜனங்கள் நடுவரிசைக்குள் இறங்கியிருந்ததில், யார் ஊர், யார் முகாம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுருட்டையின் அப்பா, பக்கத்தில் நின்ற முகாம்காரரின் தோளில் கைபோட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். வாத்தியாருக்கு அழுகை வந்தது. அதை அவர் அடக்கவில்லை.

அதிகாரியம்மா மேடைக்கே வந்துவிட்டார். "ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒரு பெரியவர். அவர் நெஞ்சைப் பிடிச்சதும் ரெண்டு வீடும் சண்டையை மறந்துடுது. எப்படிங்க உங்களுக்கு இது தோணுச்சு? அதுலயும் நீங்க மூச்சு வாங்கினீங்க பாருங்க, நான் நிஜம்னே நினைச்சுட்டேன்."

வாத்தியார் ஒரு கணம்தான் தயங்கினார். "கடைசி நேரத்துல தோணினதுதாங்க," என்றார். அது பொய்யும் இல்லை.

கூடம் பிள்ளைகளுக்கே என்று அங்கேயே அறிவித்தார்கள். வருகிற வாரமே அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னார்கள். சோபா வியாபாரிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்வரிசைக்கு இரண்டு சோபா தருகிறேன் என்றார்.

ஆரவாரம் அடங்கியதும் வாத்தியார் தன் மனைவியின் பக்கத்தில் போய் நின்றார்.

"பாத்தியா? ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களையும் ஒண்ணா சேத்து வச்சது எது? நாடகம். அந்த சக்தி நடிப்புக்குத்தான் உண்டு. உனக்கு அதெல்லாம் சொன்னாப் புரியாது."

"ஆமாங்க," என்றாள் மனைவி. அவர் பித்தானைப் போட்டுவிட்டாள்.

அந்த நேரம் நெட்டை, சுருட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். வாத்தியாரை ஏற இறங்கப் பார்த்து, அவர் நன்றாக மூச்சு விடுகிறாரா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அவர் மனைவியின் காதருகே குனிந்தாள். ரகசியமாகப் பேசுவதாகத்தான் அவள் நினைத்தாள், ஆனால் அந்தக் குரலுக்கு ரகசியம் பழக்கமில்லை.

"ஆன்ட்டி, நாங்க முதல் நாள் நாற்காலிக்கு அடிச்சுக்கப் போனப்ப, சாருக்கு இதயம் ரொம்ப பலவீனம், அவர் கண்ணு முன்னாடி யாராவது சண்டை போட்டா அந்த நிமிஷமே உயிர் போயிடும்னு எங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படி அழுதீங்களே, அடுத்த நாடகத்துக்குள்ளயாவது அவருக்குச் சரியாயிடுமா?"